பெயர் எழுதப்படாத விமானம்

மாதிரி விமானங்களைக் கட்டுவோர் தம் பொழுதின் பெரும் பகுதியைக் கட்டுவதில் அன்று, தேடுவதிலேயே செலவிடுகின்றனர். பெட்டியில் இருக்கவேண்டிய பாகம் இராது, இருப்பது ஒடிந்திருக்கும், ஒடியாதது தவறாக இருக்கும். முதல் இரண்டும் எளிய துன்பங்கள். மூன்றாவதுதான் ஒருவரை உறங்கவிடாமல் செய்வது. குருமட நாள்கள் தொட்டு இப்பழக்கம் நமக்கு உண்டு என்பதைப் பங்கு மக்கள் அறிவர். அருள்பணியாளருள் சிலர் ரோஜாச் செடி வளர்ப்பர், சிலர் தேனீ வளர்ப்பர். நாம் இரவுச் செபத்திற்குப் பின் பசை மணக்கும் விரல்களோடு மேசை விளக்கின்கீழ் அமர்வோம். இதில் புண்ணியம் ஒன்றுமில்லை. பொறுமை சற்று வளர்கிறது எனலாம், அதுவும் சில நாள்களில் குறைந்துவிடுகிறது.

இங்கே நாம் சொல்ல வந்தது பி-29 சூப்பர்ஃபோர்ட்ரஸ் என்னும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தின் மாதிரி ஒன்றைப் பற்றி. போயிங் நிறுவனம் வடிவமைத்து 1942-இல் முதன்முதல் பறந்த அவ்விமானத்தில் ஏறத்தாழ 3,970 செய்யப்பட்டன. சிறகின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 43 மீட்டர். எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரியிலும் அது 60 சென்டிமீட்டர் வருகிறது. பங்கு இல்லத்து மேசையில் திருமணப் பதிவேட்டை விரிக்க இடம் கிடைப்பதில்லை. யாரோ ஒருவர் பாதி கட்டிக் கைவிட்ட பெட்டியாக அது நம் கைக்கு வந்தது. புரொப்பெல்லர் எனப்படும் சுழல்விசிறிகள் நான்கில் இரண்டு ஒடிந்திருந்தன. ஒன்றைக் காணவே இல்லை. எஞ்சிய ஒன்றைத் தொட்டுப் பார்த்தோம். முதுமையடைந்த பிளாஸ்டிக், அப்பளம்போல் ஓசையிட்டு அதுவும் போயிற்று.

பெட்டியின் மேலே வண்ண ஓவியம். வெள்ளியாய் மின்னும் விமானம், கீழே முகில்கள், மூக்கருகே "பாக்ஸ்கார்" என்னும் பெயர். 1945 ஆகஸ்டு 9 அன்று நாகசாகி நகரின்மேல் அணுகுண்டை இட்ட விமானம் அது.

மாற்றுச் சுழல்விசிறிகளைத் தேடப் புகுந்தபோது நமக்கிருந்த எண்ணம் எளியது. பி-29 விமானத்திற்குரிய சுழல்விசிறிகள் நான்கு வேண்டும், அளவு 7 சென்டிமீட்டர் விட்டம், அவ்வளவுதான். ஆனால் எந்த பி-29 என்ற கேள்வி உடனே எழுந்தது. அணுகுண்டைச் சுமப்பதற்கென்று தனியே மாற்றியமைக்கப்பட்ட விமானங்களுக்குச் "சில்வர்பிளேட்" என்பது மறைபெயர். அவ்வகையில் செய்யப்பட்டவை 65 மட்டுமே. மற்ற பி-29 விமானங்களின் முதுகிலும் வயிற்றிலும் துப்பாக்கிக் கூண்டுகள் இருந்தன. இவற்றில் எடையைக் குறைப்பதற்காக அவற்றை நீக்கி, வால்முனைத் துப்பாக்கிகளை மட்டும் விட்டுவைத்தனர். குண்டறையின் கதவுகள் காற்றழுத்தத்தால் நொடிப்பொழுதில் திறந்து மூடுமாறு அமைக்கப்பட்டன. சுழல்விசிறிகளும் வேறு. வழக்கமானவை ஹாமில்டன் ஸ்டாண்டர்டு நிறுவனத்தார் செய்தவை. எண்ணெய் அழுத்தத்தால் அலகுகளின் சாய்வை மாற்றுபவை. சில்வர்பிளேட்டுக்கு கர்டிஸ் எலக்ட்ரிக் வகை பொருத்தப்பட்டது. அதன் நடுக்குமிழுக்குள் ஒரு மின்மோட்டார் இருக்கும். அது அலகுகளை எதிர்ச்சாய்வுக்கே திருப்பிவிடும். தரையிறங்கியபின் விமானத்தைப் பின்னோக்கி இழுத்து நிறுத்த அது உதவும். எண்ணெய் வகையின் நடுக்குமிழ் கவிழ்த்த கிண்ணம்போல் இருக்கும். மின்வகையினது படியுள்ள உருளைபோல் முன்நீண்டிருக்கும். எழுபத்திரண்டில் ஒரு பங்கில் இவ்வேறுபாடு ஒரு மிளகின் அளவுகூட இல்லை. ஆயினும் ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதைக் காணாமலிருக்க இயலாது.

பெட்டியில் வந்தவையோ எண்ணெய் வகை. இதில் உற்பத்தியாளரைக் குறைகூறுவதற்கில்லை. பிளாஸ்டிக் உருக்கை அழுத்திச் செலுத்தும் எஃகு அச்சுக்குப் பெரும்பொருள் செலவாகும்; ஒரே அச்சைக் கொண்டு பல வகை விமானங்களை விற்றால்தான் அவர்களுக்குக் கட்டும். எனவே பெட்டிக்குள் இருப்பது எப்போதும் ஒரு சமரசம். பொதுவான உடலைத் தந்துவிட்டு, ஓவியத்தையும் ஒட்டுப்படத்தையும் மட்டும் மாற்றுவர். அந்தச் சமரசத்தை ஏற்காதவர்களுக்காகவே சிறு பட்டறைகள் உலகின் பல மூலைகளில் இயங்குகின்றன. ஒருவர் தம் கையால் ஒரு மூலத்தைச் செதுக்குவார். அதன்மேல் சிலிக்கோன் ரப்பரை ஊற்றி அச்செடுப்பார். அந்த அச்சில் ரெசினை வார்ப்பார். ரப்பர் அச்சு சில டஜன் வார்ப்புகளுக்குள் தேய்ந்து கிழிந்துவிடும். ஆதலால் ஒரு பாகம் இன்று கிடைக்கும். அடுத்த ஆண்டு கிடைக்காது. அண்மைக் காலத்தில் கணினியில் வரைந்து அச்சுப்பொறியிலேயே முப்பரிமாணமாக எடுத்துவிடுகிறார்கள். அதன்மேல் மெல்லிய படிக்கட்டுக் கோடுகள் விழும். தேய்த்து நீக்க வேண்டும். நமக்கென்னவோ கை செதுக்கியதுதான் பிடிக்கிறது.

முதலில் வந்த பொட்டலம் தவறானது. "மின்வகை" என்று அட்டையில் எழுதி, எண்ணெய் வகையை உள்ளே வைத்திருந்தனர். அனுப்பியவரின் பெயர் இங்கே தேவையில்லை. நான்கு மாதம் கழித்து, வெளிநாட்டில் பணிபுரியும் நம் பங்கு இளைஞர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது, சட்டைப் பைக்குள் ஒரு தீப்பெட்டியில் பஞ்சிட்டு, பதினாறு அலகுகளையும் நான்கு குமிழ்களையும் கொண்டுவந்து சேர்த்தார். விமான நிலையத்தில் என்னவென்று கேட்டதற்கு "எங்க சாமியாருக்கு" என்றாராம். அதற்குமேல் அவர்கள் கேட்கவில்லையாம்.

இடைப்பட்ட அந்த நான்கு மாதங்கள்தாம் இக்கட்டுரைக்குக் காரணம். பாகம் சரிதானா என்று அறிய ஒளிப்படங்களைப் பார்க்க வேண்டும். மெய்யான பாக்ஸ்கார் இன்றும் இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் நகரத்து வான்படை அருங்காட்சியகத்தில் 1961 முதல் வைக்கப்பட்டுள்ளது. சில்வர்பிளேட் விமானங்களுள் எஞ்சியவை இரண்டே. ஹிரோஷிமாவுக்குச் சென்ற எனோலா கே மற்றொன்று. அருங்காட்சியகத்துப் படத்தில் விமானத்தின் மூக்கில் ஓர் ஓவியம் தெளிவாகத் தெரிகிறது. சிறகு முளைத்த ரயில் சரக்குப் பெட்டி ஒன்று சால்ட் லேக்கிலிருந்து நாகசாகிக்குப் போகிறது. அவ்விமானத்தை வழக்கமாக ஓட்டிய ஃபிரெடரிக் பாக் என்பவரின் பெயரையும், சரக்குப் பெட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் கலந்து செய்த வேடிக்கை அது.

இங்கேதான் குருமடத்தில் பயின்ற மூலபாடத் திறனாய்வு உதவிக்கு வந்தது. ஒரு கையெழுத்துப் படியில், நிகழ்ச்சிக்குப் பிந்திய செய்தி ஒன்று நிகழ்ச்சிக்கு முன்பே தெரிந்ததுபோல் எழுதப்பட்டிருந்தால், அது பிற்கால இடைச்செருகல் என்று நம் பேராசிரியர்கள் கற்பிப்பர். அன்று விடியலுக்கு முன் தினியன் தீவிலிருந்து புறப்பட்ட விமானத்தின் முதல் இலக்கு நாகசாகி அன்று, கோக்குரா. அங்கே நகரைப் புகையும் முகிலும் மறைத்தன. மும்முறை வட்டமிட்டும் இலக்கு தெரியாமற்போகவே, இரண்டாம் இலக்காகிய நாகசாகிக்குத் திரும்பினர். அப்படியிருக்க, புறப்படும் விமானத்தின் மூக்கில் நாகசாகி என்ற பெயர் எப்படி இருந்திருக்கும்? இல்லை. அந்த ஓவியம் திரும்பி வந்தபின் தீட்டப்பட்டது. அன்று காலை விமானத்தில் இருந்தது 77 என்னும் எண் மட்டுமே. பகைவர் கண்டு குழம்பட்டும் என்று வாலில் வேறொரு படைப்பிரிவின் முக்கோணக் குறி இடப்பட்டிருந்தது. அன்று அதனை ஓட்டியவரும் பாக் அல்லர், சார்லஸ் ஸ்வீனி. பாக் உடன் சென்ற மற்றொரு விமானத்தில் இருந்தார். இம்மாற்றத்தால் முதலில் வெளிவந்த விவரங்களிலேயே குண்டிட்ட விமானத்தின் பெயர் தவறிப்போனது.

ஆக, பெட்டியின் ஓவியத்தில் முகில்மேல் பறக்கும் அந்தப் பெயர் பொருந்திய விமானம் அன்று நாகசாகி வானில் பறக்கவில்லை. இரு பாடங்கள் நேர்ந்தால் கடினமானதையே கொள்க என்பதும் பாடத் திறனாய்வின் ஒரு விதி. கேலிச் சித்திரமுள்ள விமானம் எளிய பாடம். பார்ப்பவர் புன்னகைத்துக் கடந்துவிடலாம். பெயரற்ற, கூண்டுகள் நீக்கப்பட்ட, பிறர் குறியை அணிந்த வெறும் வெள்ளி உடல் கடினமான பாடம்.

நம் உபதேசியார் எழுபதைக் கடந்தவர். ஒருநாள் மாலை மேசையருகே வந்து நின்றார். "சாமி, இது எந்த ஊருக் கப்பலு?" என்றார். சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "இதுக்குப் போயி இவ்வளவு மெனக்கெடணுமா சாமி?" என்று கேட்டுவிட்டு, விளக்கேற்றப் போய்விட்டார். அவர் கேட்டதற்கு அன்று மறுமொழி சொல்லவில்லை. மறுமொழி இருக்கிறதா என்று பார்க்க நமக்கும் நாள் தேவைப்பட்டது.

கேள்வி நியாயமானது. நகரங்களை அவற்றின் மக்களோடு சேர்த்து அழிக்கும் போர்ச்செயலை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல், "இன்றைய உலகில் திருச்சபை" ஏட்டின் 80-ஆம் எண்ணில், கடவுளுக்கும் மனிதருக்கும் எதிரான குற்றமென்று கண்டித்தது. அதைப் பாடமாகப் படித்துத் தேர்வும் எழுதிய ஒருவர், அக்குற்றத்தின் கருவியைச் சுழல்விசிறியின் குமிழ்வரை சரியாக வடிப்பதில் நான்கு மாதங்களைச் செலவிடலாமா? கூடாது என்று சொல்லும் நண்பர்கள் நமக்கு உண்டு. போர் விமானம் எதுவாயினும் அதை விளையாட்டாக்குவது தவறென்பர். அவர்களோடு நாம் முழுதும் உடன்படவில்லை. விளையாட்டாக்குவது பெட்டியில் உள்ள சமரசம், வேடிக்கைச் சித்திரம், அறியாமல் கட்டிப் பேழையில் வைத்துவிடுவது. சரியான பாகத்தைத் தேடுகிறவரோ, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், எந்த நாள், எந்த மணி என்று கேட்டே தீரவேண்டும். அந்த மணி 11:02. அதன்பின் அவர் அறியாதவர் அல்லர்.

அளவுத் திட்டமும் இரக்கமற்றது. ஒருநாள் காகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்தோம். குண்டின் நீளம் மூன்றேகால் மீட்டர், குறுக்களவு ஒன்றரை மீட்டர், எடை ஏறத்தாழ 4,670 கிலோ. நம் மேசையில் அது ஒரு பேரீச்சம்பழம். அது வெடித்தது தரைக்கு மேல் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில். நம் கணக்கில் 7 மீட்டர், தென்னையின் பாதி உயரம். இலக்கு தவறி, குறித்த இடத்திற்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வடமேற்கே, உராகாமி பள்ளத்தாக்கின்மேல் வெடித்தது. அவ்விடத்திலிருந்து உராகாமி பேராலயம் மற்றும் ஓர் 500 மீட்டர். மீண்டும் 7 மீட்டர். பங்கு இல்லத்துத் திண்ணையிலிருந்து நம் ஆலயத்தின் பக்கவாயில் வரை எட்டு வைத்து அளந்தோம், சரியாக அவ்வளவுதான். மனிதர் ஒருவரின் உயரம் இந்த அளவுத் திட்டத்தில் இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைவு. பேராலயத்தில் அந்நேரம் அன்னை மரியாவின் விண்ணேற்பு விழாவிற்கு ஆயத்தமாக ஒப்புரவு அருட்சாதனம் நடந்துகொண்டிருந்தது. இரு குருக்களும் காத்திருந்த மக்களும் ஒருவர் மீதமின்றி மாண்டனர். உராகாமியின் கத்தோலிக்கர் 12,000 பேரில் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டனர். நகரம் முழுவதிலும் அவ்வாண்டு இறுதிக்குள் இறந்தோர் ஏறத்தாழ 74,000. பேராலயத்தில் இருந்தவர் நம்மவர் என்பதால் மற்றவர் சாவு குறைந்ததாகிவிடாது. ஆயினும் ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்திருக்கும் ஒருவர் அக்காட்சியைத் தள்ளிநின்று காண முடிவதில்லை.

உதிரிபாகம் தேடுவோர்க்கு மட்டும் உறைக்கக்கூடிய செய்தி ஒன்றும் உண்டு. அன்று விமானத்திலேயே ஒரு பாகம் பழுது. பின்புறச் சேமிப்புக் கலத்திலிருந்து எரிபொருளை மாற்றும் பம்பு இயங்கவில்லை. 640 கேலன், அதாவது ஏறத்தாழ 2,400 லிட்டர், சுமந்துசெல்லலாமேயன்றிப் பயன்படுத்த முடியாது. புதிய பம்பைப் பொருத்தப் பல மணி நேரமாகும். குண்டை வேறு விமானத்திற்கு மாற்றுவதும் அவ்வளவு நேரம் பிடிக்கும், ஆபத்தும் மிகுதி. வானிலையோ கெட்டுக்கொண்டிருந்தது. புறப்படுவதென்று முடிவு செய்தனர். திரும்பும்போது தினியனுக்கு எரிபொருள் போதாமல், ஒகினாவா தீவில் இறங்கினர். இறங்கும் வேளையிலேயே ஓர் இயந்திரம் எரிபொருளின்றி நின்றது. மிகு விரைவோடு தரையைத் தொட்ட விமானத்தை நிறுத்த, நாம் தேடிய அதே எதிர்ச்சாய்வுச் சுழல்விசிறிகள் மட்டும் போதவில்லை. விமானிகள் இருவரும் பிரேக்கின்மேல் எழுந்து நின்று, ஓடுபாதையின் கோடியில்தான் அதை நிறுத்தினர். நாகசாகியைக் கோக்குராவின் முகில் தேர்ந்தெடுத்தது. அந்தப் பம்பு தடுத்திருக்கக்கூடும், தடுக்கவில்லை. மாற்றப்படாத ஒரு பாகத்தை நாம் மாதிரியில் எப்படிக் காட்டுவது? அது உடலுக்குள்ளே இருப்பது, யாருக்கும் தெரியாது.

ஸ்வீனி கத்தோலிக்கர். தினியன் தீவில் அப்படைப்பிரிவின் கத்தோலிக்கரைக் கவனித்த ஆன்மகுரு ஜார்ஜ் ஸபெல்கா. நம்மைப் போலவே ஒரு மறைமாவட்ட குரு. திருப்பலி நிறைவேற்றினார், பாவசங்கீர்த்தனம் கேட்டார். இத்தகைய சுழல்விசிறிகளுக்கு மசகிட்ட கைகள் அவரிடம் நற்கருணை வாங்கியிருக்கலாம். நகரங்களின்மேல் குண்டிடுவது தவறென்று அந்த வீரர்களுக்கு ஒருநாளும் மறையுரையில் தாம் சொல்லவில்லை என்பதைப் பிற்காலத்தில் அவர் வெளிப்படையாகவே அறிக்கையிட்டார். 1984-இல் ஜப்பானுக்குச் சென்று, பிழைத்திருந்தோரிடம் மன்னிப்பு வேண்டினார். 1992-இல் காலமானார். உபதேசியாரிடம் பிறகொரு நாள் நாம் சொன்னது இவரைப் பற்றித்தான். "அவரு சாமியாரா?" என்று மட்டும் கேட்டார்.

உராகாமியின் இரட்டைக் கோபுரத்து மணிகளுள் ஒன்று இடிபாட்டுக்கிடையே முழுதாகக் கிடைத்தது. அதே ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் அதை ஒலித்தனர். மற்றது நொறுங்கிப்போயிற்று. பேராலயம் 1959-இல் மீண்டும் எழுந்தது; ஒரு கோபுரம் மட்டும் மணியின்றி நின்றது. நாகசாகிக் கத்தோலிக்கர் ஒருவர் எடுத்துச் சொன்னதன் பேரில் ஜேம்ஸ் நோலன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் தம் நாட்டுக் கத்தோலிக்கரிடம் நன்கொடை திரட்டினார். இவருடைய பாட்டனார் அணுகுண்டுத் திட்டத்தில் மருத்துவராக இருந்தவர். 2025 ஆகஸ்டு 9 அன்று, 11:02 மணிக்கு, எண்பது ஆண்டுகளில் முதன்முறையாக இரு மணிகளும் சேர்ந்து ஒலித்தன. புதிய மணிக்கு அமெரிக்கப் பழங்குடிப் பெண்ணான புனித கத்தேரியின் பெயர் இடப்பட்டது. மாதிரி விமானத்தில் மாற்றுப் பாகத்தின் முழுத் திறமை, தான் மாற்றென்பதை மறைத்துக்கொள்வதில் இருக்கிறது. அந்த மணி அப்படி எதையும் மறைக்கவில்லை. யார் கொடுத்தது, எதன் இடத்தில் என்று அனைவர்க்கும் தெரியும். இத்தொழிலில் பழகிய நமக்கு அது சற்றுப் புதிதாகவே பட்டது.

எங்கள் வேலை நடந்துகொண்டிருக்கிறது. கூண்டுகளின் துளைகளைப் பிளாஸ்டிக் தகட்டால் அடைத்தாயிற்று. வால் கனத்துப் பின்னால் சாயாமலிருக்க, மூக்கினுள் தூண்டில் ஈயக் குண்டுகளை நிரப்பினோம். மீன் பிடிக்கும் குடும்பத்தார் தந்தவை. கழற்றிய கூண்டுகளை, சாதாரண பி-29 கட்டவேண்டுமென்று ஆவலோடிருக்கும் பீடச் சிறுவன் ஒருவனுக்குக் கொடுத்தோம். எதற்கான விமானம் என்பதையும் சொல்லியே கொடுத்தோம். குண்டறைக் கதவுகளை மூடியே ஒட்டிவிட்டோம். மூக்குச் சித்திரத்தின் ஒட்டுப்படம் பெட்டியிலேயே கிடக்கிறது. 77 மட்டும் ஒட்ட வேண்டும்.

சுழல்விசிறிகளில் மூன்று பொருந்திவிட்டன. ரெசினுக்குப் பிளாஸ்டிக் பசை பிடிக்காது. உடனொட்டும் பசைதான் வேண்டும். கை நடுங்கினால் திருத்த வழியில்லை. நான்காவதன் அலகு ஒன்றின் அடியில், வார்க்கும்போது அகப்பட்ட காற்றுக்குமிழால் குண்டூசித் தலையளவு குழி. பட்டி வைத்திருக்கிறோம். காய்வதற்கு இன்னும் ஒரு நாள் ஆகும்.